பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் ஒன் சேர்க்கைக்கு மகளோடு பள்ளிக்குப் போனேன். மேசையில் இருந்தவர் மார்க் ஷீட்டை மட்டும் பார்த்தார். "நல்ல மார்க், ஃபர்ஸ்ட் குரூப் போட்டுடலாம்" என்று கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் உள்ள அந்தக் குரூப்பில் டிக் அடித்துவிட்டார். அவள் கேட்டது வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் உள்ள குரூப். அவள் முகம் வாடியதை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பிடிக்காத பாடத்தைப் பிளஸ் டூவில் விட்டுவிட முடியாது. இரண்டு வருடமும் அதே குரூப்தான். ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தாலும், பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் மதிப்பெண்ணில் கணிதத்துக்கு 100, இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50, உயிரியல் சேராது. சரி, இதையாவது யாராவது எடுத்துச் சொல்ல வேண்டாமா?

சேர்க்கை நாளில் ஓர் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையோடும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேச, பள்ளிக் கல்வித்துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

- ஒரு மாணவியின் தாய், பெரம்பூர், சென்னை