கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்னால்: நெல்லைச் சீமை நூலகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா எல்லாருக்கும் வணக்கம்.

நூலகத்தை நவீனப்படுத்தப் போகிறோம் என்று பேச்சு வந்தால் கூடவே ஒரு கம்ப்யூட்டரும் வந்துவிடுகிறது. வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் (ஊர்ப் பெயர் வேண்டாம், பாவம் அந்த நூலகருக்கு வம்பாகிவிடும்) அது உறை போட்டபடி மூலையில் கிடக்கிறது, மேலே பழைய வார இதழ்கள். ஒரு புத்தகம் இருக்கிறதா என்று கேட்டால் நூலகர் எழுந்து அலமாரிக்குத்தான் போகிறார். ஞாபகம் இருந்தால் எடுத்துத் தருவார், இல்லாவிட்டால் அந்தத் தடிப் பதிவேட்டைப் புரட்டுவார், அதிலோ புத்தகங்கள் வாங்கிய வரிசையில்தான் இருக்கும், தலைப்பை வைத்துத் தேட வழி கிடையாது.

முதலில் வேண்டியது தலைப்பை வைத்துத் தேடக்கூடிய ஒரு பட்டியல்தான். மாவட்டத்தில் எந்த நூலகத்தில் எந்தப் புத்தகம் இருக்கிறது, இப்போது அலமாரியில் இருக்கிறதா யாராவது எடுத்துப் போயிருக்கிறார்களா என்பதை வள்ளியூரில் இருப்பவர் தன் போனில் பார்க்க முடிய வேண்டும். கல்லிடைக்குறிச்சியில் இருந்தால் அதை வள்ளியூருக்குக் கொண்டுவந்து தர வாரம் ஒரு நாள் வண்டி விடுங்கள். 1931இலேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஊர் ஊராகப் போயிருக்கிறது, நம்மால் ஒரு வேன் விட முடியாதா?

இதற்கு மென்பொருள் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கோஹா என்று ஒன்று இருக்கிறது, நியூசிலாந்தில் ஒரு நூலக நிர்வாகத்துக்காக எழுதி 2000இல் பயன்பாட்டுக்கு வந்தது, இன்றைக்கு உலகம் முழுக்க ஓடுகிறது, இலவசம். செலவெல்லாம் புத்தக விவரங்களைத் தட்டச்சு செய்வதில்தான். புதுப் புத்தகம் என்றால் அதற்கென்றே கொடுக்கப்படும் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணைப் போட்டால் விவரம் கிடைக்க வாய்ப்புண்டு, நம் அலமாரிகளில் இருக்கும் பழைய தமிழ்ப் புத்தகங்களில் பலவற்றுக்கு அந்த எண்ணே கிடையாது, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தலைப்புப் பக்கத்தைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். அதையும் தமிழில், யூனிகோடில் (எல்லாக் கம்ப்யூட்டரும் போனும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளும் எழுத்து முறை) அடிக்க வேண்டும். தலைப்பை ஆங்கில எழுத்தில் போட்டால் ஆளுக்கொரு ஸ்பெல்லிங், பழைய எழுத்துருவில் அடித்தாலோ தேடும்போது ஒன்றும் அகப்படாது. தயவுசெய்து இந்த வேலையையும் நூலகர் தலையில் கட்டாதீர்கள். கதவைத் திறப்பதும் அவர்தான், பேப்பரை அடுக்குவதும் அவர்தான். பாளையங்கோட்டையைச் சுற்றி இத்தனை கல்லூரிகள் இருக்கின்றன, விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கூலி கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்.

பணம் எங்கே என்பீர்கள். 1948இல் வந்த பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகக் கட்டுகிறோம். சும்மா கேட்கவில்லை.

அப்புறம், நூலகத்துக்கு வரவே முடியாதவர்கள். முக்கூடலிலும் வீரவநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றும் பெண்கள் மடியில் சொளகை (முறத்தை) வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கண்ணும் கையும் இலையிலும் தூளிலும்தான் இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கிறது, அதற்கு இப்போது கிடைப்பது சீரியல் வசனம். கியூபாவில் 1865 முதல் சுருட்டு ஆலைகளில் ஒருத்தர் மேடையில் உட்கார்ந்து பேப்பரும் நாவலும் சத்தமாக வாசிப்பார், அந்தக் காலத்தில் அவருக்குச் சம்பளம் தொழிலாளிகளே தங்களுக்குள் வசூல் பண்ணிக் கொடுத்தார்கள். இங்கே மேடைகூட வேண்டாம், வாசித்துப் பதிவு செய்து கொடுத்தால் கேட்க ஒரு போன் போதும். நாட்டுடைமையான, அதாவது அரசு உரிமையை வாங்கி எல்லாருக்கும் பொதுவாக்கிய நூல்களை ஒலிப்பதிவு செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நம் ஊர்ப் பேச்சுத் தெரிந்த, ரிட்டயர் ஆன டீச்சர் ஒருவர் வாசித்தால் கேட்க எவ்வளவு நன்றாக இருக்கும்!

பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது, அங்கே படித்து வெளியே வந்தவர்களுக்கும் அதே பதிவு உதவும். அவர்களுக்காக என்றால் மற்றப் புத்தகங்களையும் கேட்கும் வடிவில் மாற்றலாம், 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. இருக்கிற சட்டத்தைப் பயன்படுத்தத்தான் சொல்கிறேன்.

கடைசியாக டி.என்.பி.எஸ்.சி. பிள்ளைகள். இவர்கள் நூலகப் புத்தகத்தைத் தொடுவதில்லை, சொந்த கைடைக் கொண்டுவந்து நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பெரியவர்கள் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டில் ஒரே அறை, டிவி ஓடும், தம்பி கத்துவான், வேறெங்கே போய்ப் படிப்பார்கள்? அவர்கள் கேட்பது ஃபேன், சுத்தமான கழிப்பறை (பெண் பிள்ளைகளுக்கு இது இல்லையென்றால் மதியத்துக்கு மேல் உட்காரவே முடியாது), போன் சார்ஜ் போட மேசைக்குப் பக்கத்தில் இரண்டு ப்ளக் பாயிண்ட். பட்டியலுக்கும் ஒலிப்பதிவுக்கும் நாளாகும், தெரியும். ப்ளக் பாயிண்டுக்கு டெண்டர் வேண்டாம், உள்ளூர் எலக்ட்ரீசியன் அரை நாளில் போட்டுவிடுவார், இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு நூலக உறுப்பினர்