சைட்டைத் திருப்பும் முன்

அன்புள்ள கண்ணு,

நேற்று நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு நாளாக ஏர் பிஸ்டலில் சுடுவதெல்லாம் இடது கீழே போகிறது, சைட்டை, அதாவது குறி பார்க்கிற பாகத்தை, திருப்பினால் மறுநாள் வலது பக்கம் ஓடுகிறது என்றாய். கை போச்சோ, கண் போச்சோ என்று உனக்குப் பயம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கை தப்பு செய்தால் பெல்லட் சிதறும். உனக்கு ஒரே கொத்தாக விழுந்து, கொத்தே இடம் மாறுகிறது. எங்கேயோ மரை கழன்றிருக்கிறது. உனக்கில்லை, பிஸ்டலுக்கு.

அதனால் சைட்டில் கை வைக்காதே. உள்ளே பெல்லட் இல்லையென்று பார், காற்று சிலிண்டரைக் கழற்று. கழற்றின பிறகும் ஒரு தடவை சுடுகிற அளவுக்குக் காற்று உள்ளே மிஞ்சியிருக்கலாம், குழல் யார் பக்கமும் திரும்ப வேண்டாம். இப்போது பிடியை ஒரு கையிலும் பிஸ்டலின் உடம்பை மறு கையிலும் பிடித்து மெல்ல ஆட்டிப் பார். 'டிக்' என்று ஒரு சின்ன அசைவு தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஐப்பசி மழையில் நம் வீட்டில் ஊறின வால்நட் மரப் பிடி அது. டெல்லி மே மாத அனலில் காய்ந்து சுருங்கும். மரம் சுருங்கினால் ஸ்க்ரூ இருந்த இடத்திலேயே இருந்தும் லூசாகிவிடும். பட்டறையில் இரும்போடு மட்டும் பழகின எனக்கு இது புரியவே ரொம்ப நாள் ஆனது.

அடுத்தது பின்சைட்டைப் பிடித்திருக்கிற ஸ்க்ரூ. குழல் முனையிலுள்ள முன்சைட்டுக்கும் இதற்கும் நடுவே சுமார் 33 சென்டிமீட்டர். பின்சைட் கால் மில்லி நகர்ந்தால் 10 மீட்டரில் ஏழரை மில்லி விலகும். குறி அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் 8 மில்லிதான். கண்ணுக்கே தெரியாத ஆட்டத்தில் ஒரு பாயிண்ட் போய்விடும். ட்ரிகர் நாக்கின் ஸ்க்ரூவையும் விடாதே. போட்டியில் ட்ரிகர் தாங்குகிறதா என்று 500 கிராம் எடையைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள், அங்கே போய் முழிக்கக் கூடாது.

ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கிற பசை, லாக்டைட், போடலாமா என்று கேட்டாய். சின்ன ஸ்க்ரூவுக்கு ஊதா நிறம் போதும். மரையில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, ஊசி முனையில் எடுத்த ஒரு பொட்டு, அப்புறம் ஒரு நாள் சும்மா விடு. சிவப்பு வேண்டவே வேண்டாம், சூடு காட்டாமல் கழலாது. பிடி ஸ்க்ரூவுக்கும், திருப்பித் திருப்பி அட்ஜஸ்ட் செய்கிற ஸ்க்ரூவுக்கும் எதுவும் போடாதே. இறுக்கின பிறகு ஸ்க்ரூ தலையிலிருந்து உடம்பு வரைக்கும் நெயில் பாலிஷால் ஒரு மெல்லிய கோடு இழு. கோடு உடைந்து விலகியிருந்தால் ஸ்க்ரூ நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். தினமும் திருப்புளியோடு உட்கார வேண்டியதில்லை.

இறுக்குவது என்றால் பலத்தைக் காட்டுவது இல்லை. ஆலன் கீயின் குட்டைக் காலைப் பிடித்து, இரண்டு விரலால் திருகி, நின்ற இடத்தில் விட்டுவிடு. பிடியின் ஓரத்தில் உன் உள்ளங்கையை உறுத்தும் கோடு ஒன்று இருக்கிறதே, அதை வாங்கும்போதே இருந்தது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். பொய். மாநிலப் போட்டிக்கு முந்தின ராத்திரி, நீ தூங்கின பிறகு, லேத் வேலைக்காரன் கையால் ஒரு சுற்று கூடுதலாக இறுக்கினேன். மரம் 'படக்'கென்று விட்டது. அரால்டைட் வைத்து, விடிய விடிய உப்புத்தாள் போட்டேன். நீ அடுத்த நாள் சுட்ட ஒவ்வொரு ஷாட்டுக்கும் என் வயிறு கலங்கியது.

டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021இல் மனு பாக்கருக்குப் போட்டி நடுவிலேயே பிஸ்டல் பழுதாகி நேரம் போனதை நாம் சேர்ந்துதான் டிவியில் பார்த்தோம். அந்தப் பெண் 2024இல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கியபோது நீ அழுதாய். அந்த மாதிரிப் பழுதை எல்லா நேரமும் முன்கூட்டித் தடுக்க முடியாது. பிடி ஆடுவதைப் பார்க்க அரை நிமிஷம் போதும்.

என் பழைய ஆலன் கீ செட்டைப் பார்சல் போட்டிருக்கிறேன். 4 மில்லி கீயின் முனை உருண்டிருந்தது, உருண்ட நுனியை அரைத்துத் தட்டையாக்கிவிட்டேன். கூடவே சிலிக்கான் கிரீஸ். சிலிண்டரின் ரப்பர் வளையத்துக்கு, ஓ-ரிங்குக்கு, அதைத் தவிர வேறு எந்த எண்ணெயும் ஆகாது, அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் ஆபத்து. அதே பெட்டியில் அம்மா பருப்புப்பொடியும் வைத்திருக்கிறாள். கிரீஸ் டப்பாவைத் தனியாகக் கட்டச் சொன்னேன், கட்டினாளா தெரியவில்லை. பிரித்ததும் முகர்ந்து பார்த்துச் சாப்பிடு.

அப்பா