கேளிக்கைப் படத்தில் காளியின் பெயர்

ஆசிரியருக்கு வணக்கம்.

அறுபதுகளின் பிரித்தானிய பொப் இசைப் படங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரையை விருப்பத்துடன் படித்தேன். இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையில் அப்பாடல்களைக் கேட்டு வளர்ந்த எனக்குப் பீட்டில்ஸ் குழுவின் இசை மீது இன்றும் பிரியம் குறையவில்லை. ஆயினும், அக்குழுவினர் நடிக்க, ரிச்சர்ட் லெஸ்டர் 1965இல் இயக்கிய 'ஹெல்ப்' படத்தைக் குறையேதுமற்ற கேளிக்கை என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை.

காளியின் பெயரைச் சற்றே திரித்துக் 'கைலி' என்றொரு தெய்வத்தைப் படைத்து, அதற்கு நரபலி கொடுப்பதற்காக, ஒரு மோதிரத்தைத் தேடி இலண்டன் வரை வரும் கும்பலாகக் கீழைத்தேயத்தவரை அப்படம் காட்டுகிறது. அக்கும்பலின் முக்கிய வேடங்களில் நடித்த லியோ மெக்கேர்ன், எலினோர் பிரோன் இருவருமே வெள்ளையர்கள். சிறுவனாக இருந்தபோது ஹட்டனில் அப்பாவோடு அப்படத்தைப் பார்த்தேன். ஆண்டுதோறும் எங்கள் தோட்டத்து அம்மன் கோயிலில் கரகம் பாலிக்கும் நாட்களில் விரதம் காப்பவர் அவர். கொட்டகையே சிரித்துக்கொண்டிருக்க, அவர் வாய் திறக்கவில்லை. தோட்டத்து லயன் வீட்டுக்குத் திரும்பும் வரையிலும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதே படத்தின் இந்திய உணவகக் காட்சிக்காக வந்த வாத்தியக்காரர்களிடம்தான் பீட்டில்ஸ் குழுவின் ஜோர்ஜ் ஹரிசன் முதன்முதலில் சித்தாரைக் கண்டார் என்பதும், அந்த ஆண்டு முடிவதற்குள் அதன் ஒலி பீட்டில்ஸ் இசைத்தட்டில் இடம்பெற்றது என்பதும், அடுத்த ஆண்டு அவர் சித்தார் மேதை ரவிசங்கரிடம் சீடரானார் என்பதும் கட்டுரையில் இல்லை. மேற்கத்திய பொப் இசையின் போக்கையே மாற்றிய அந்தச் சந்திப்புக்குக் காரணமானவர்கள் படத்தில் வெறும் பின்னணி அலங்காரமாகவே நிற்கிறார்கள்.

லெஸ்டரின் 1962ஆம் ஆண்டுப் படத்திலும் சபி செக்கர் போன்ற கறுப்பினப் பாடகர்கள் பாடிவிட்டுப் போகிறார்களே தவிர, கதையில் அவர்களுக்குப் பங்கில்லை. 1967இல் வெளிவந்த 'டு சேர், வித் லவ்' படத்தில்தான், லுலு பாடி நடித்த அதே கதையில், கறுப்பின நடிகரான சிட்னி பொய்ட்டியர் நாயகனாக, பிரித்தானிய கயானாவிலிருந்து வந்த ஆசிரியராக இலண்டன் வகுப்பறையில் நிற்கிறார். இங்கே கங்காணிகள் நம்மவரைத் துரைமாரின் தோட்டங்களுக்கு அழைத்து வந்தது போல், அந்தக் கயானாவுக்கும் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டார்கள் என்பதால், அப்பாத்திரம் எனக்கு அந்நியமாகத் தோன்றியதே இல்லை.

இப்படங்களைத் தடை செய்யவேண்டும் என்று நான் கேட்கவில்லை. கட்டுரையின் அடுத்த பகுதியில், அவற்றில் யார் நடித்தார்கள் என்பதோடு, யாருடைய வேடத்தை யார் போட்டார்கள் என்பதையும் எழுதுமாறு கட்டுரையாளரைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தலவாக்கலை.