தண்ணீர் அறிக்கை எங்கே? விடுதி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் வார்டன் மேடத்துக்கும்,

வணக்கம். இந்த இரண்டு மாதத்தில் விடுதியில் எத்தனை பேர் காய்ச்சலில் படுத்தார்கள் என்பது சிக் ரூம் நோட்டிலேயே இருக்கிறது, நான் சொல்ல வேண்டியதில்லை. போன வாரம் நீங்கள் ஒட்டிய சுற்றறிக்கைதான் என்னை எழுத வைத்தது: 'மாணவியர் வெளியில் பானிபூரி சாப்பிடுவதைத் தவிர்க்கவும்.'

என் அறைத்தோழி பானிபூரி பக்கமே போகமாட்டாள், மேடம். மெஸ் சாப்பாடு, மெஸ் தண்ணீர், அவ்வளவுதான். காய்ச்சல் என்று போனவளுக்கு சிக் ரூமில் மூன்று நாளைக்கு சிப்ரோ என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் எடுக்கவில்லை. விட்ட காய்ச்சல் திரும்ப வந்தது. திரும்பவும் அதே மாத்திரை. அவள் அம்மா ஊரிலிருந்து கஞ்சித் தூக்கோடு வந்து கேட்டில் இரண்டு மணி நேரம் நின்றார். பார்வையாளர் நேரம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானாம். தூக்கை வாங்கி நான்தான் மாடிக்குக் கொண்டுபோனேன். அவரிடம் கேட்ட பாஸைக் கிருமியிடமும் கேட்டிருக்கலாம்.

பத்தாம் நாள் 104 டிகிரி. ஆஸ்பத்திரியில் எடுத்த முதல் கல்ச்சரில், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், ஒன்றும் வளரவில்லை. ஆன்டிபயாட்டிக் போட்டுவிட்டு வந்தால் கிருமி பல சமயம் பிடிபடாது என்றார் டாக்டர். இரண்டாவதில்தான் டைபாய்டுக் கிருமியான சால்மோனெல்லா டைபி என்று வந்தது, சிப்ரோவுக்குக் கேட்காத ரகம். அப்புறம் பத்து நாள் நரம்பில் செஃப்ட்ரியாக்சோன் ஊசி. வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதால் தேர்வெழுத விடுவதற்கான காண்டோனேஷன் கட்டணம் கட்டச் சொல்லிக் கடிதம் மட்டும் தாமதமில்லாமல் வந்துவிட்டது.

இந்தியாவில் டைபாய்டுக்கு சிப்ரோ சரியாகக் கேட்காமல் போய்ப் பல வருடமாகிறது. உங்கள் கல்லூரி மைக்ரோபயாலஜி வகுப்பிலேயே நடத்துகிறார்கள். 2016-ல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் கிளம்பிய டைபாய்டு செஃப்ட்ரியாக்சோனுக்கும் அடங்கவில்லை. வாயில் போடும் மருந்தில் அசித்ரோமைசின்தான் மிஞ்சியது. அங்கேயும் சந்தேகம் விழுந்தது சாக்கடை கலந்த குடிநீர் மேல்தான்.

அதனால் கேட்கிறோம்: சம்ப்பைக் கழுவுங்கள், தண்ணீரைப் பரிசோதியுங்கள், அறிக்கையைக் காட்டுங்கள்.

மெஸ்ஸில் சமைப்பவர்களுக்கு வருடம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, டைபாய்டுக்குத் தடுப்பூசி என்பதெல்லாம் உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே இருக்கிறது. ஊசி போட்டார்களா என்று மெஸ் அக்காவிடம் கேட்டேன். சிரித்தார். கல்லூரிக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வந்த மூன்று நாளும் மெஸ்ஸில் கேன் தண்ணீர் இருந்தது, நாலாம் நாள் காணோம். அவர்கள் வயிறு அவ்வளவு மென்மையா என்ன?

சரி, கோபத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள். கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. காய்ச்சல் என்று வருபவளுக்கு மாத்திரையை நீட்டுவதற்கு முன் ரத்தம் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பானிபூரி சுற்றறிக்கைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
இரண்டாம் மாடி மாணவி