முதலில் கேமரா நிற்கப் பழகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறை வந்தால் ஊருக்கு ஊர் குறும்படப் பயிற்சி முகாம்கள் நடக்கின்றன. பிள்ளைகள் ஆசையோடு வருகிறார்கள். ஆனால் பல முகாம்களில் முதல் நாள் காலையிலேயே, கேமராவை நடுங்காமல் தாங்கும் மோட்டார் கருவியான கிம்பலைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஃபிரேம், அதாவது காட்சியின் சட்டகம், வைக்கத் தெரியாத கைக்கு நகர்த்தும் கருவி கிடைத்தால், ஓடுவதும் சுற்றுவதும்தான் ஒளிப்பதிவு என்று மனதில் பதிந்துவிடும். பிறகு அதை மாற்றுவது கடினம். முகாம் நடத்துபவர்களும் வீட்டிலேயே பழகும் பிள்ளைகளும் பாட வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

தொடக்கத்தில் ஒரு ட்ரைபாடும் 50 மி.மீ. லென்ஸும் போதும். சின்ன சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமரா என்றால் 35 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய அதே பார்வையைத் தரும். ஜூம் வேண்டாம். ஆள் சின்னதாகத் தெரிந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிட்டே போக வேண்டும். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓஸு பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸிலேயே படமெடுத்தார்; கடைசிக் காலப் படங்களில் கேமராவை அசைக்கவே இல்லை என்று சொல்லலாம். அந்த ஃபிரேம்களில் எதுவும் குறைந்துவிடவில்லை.

அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று, கேமராவின் உயரம். நம் வீடுகளில் தரையில் உட்கார்ந்து செய்யும் வேலைகள் நிறைய. அரிவாள்மனையில் காய் நறுக்கும் பாட்டியை, ட்ரைபாடை 5 அடிக்கு நிறுத்தி எடுத்தால் என்ன கிடைக்கும்? நெற்றியும் உச்சந்தலையும் தரையும்தான். கண் தெரியாது, விரலுக்கும் அரிவாளுக்கும் இடையில் நழுவும் வாழைக்காயும் தெரியாது. தரையில் உட்கார்ந்தவரின் கண் சுமார் இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். கேமரா அதற்குச் சமமாகவோ ஒரு பிடி கீழாகவோ இறங்க வேண்டும். சாதாரண ட்ரைபாட் அவ்வளவு இறங்காவிட்டால், ஒரு முக்காலியின் மேல் மணல் நிரப்பிய துணிப்பையை வைத்து அதில் கேமராவை அமுக்கி உட்கார வைத்தால் அசையாது. ஃபிரேமின் கீழ்விளிம்பு கழுத்திலோ முழங்காலிலோ கணுக்காலிலோ வெட்டக்கூடாது; மூட்டுக்குச் சற்று மேலேயோ கீழேயோ வெட்டினால் உறுத்தாது. தலைக்குப் பின்னால் ஜன்னல் கம்பியோ காலண்டரோ முளைத்து நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எடுக்கும்போது கண்ணுக்குப் படாத அது, திரையில் முதலில் படும்.

இதெல்லாம் கைக்கு வந்த பிறகு பான், அதாவது நின்ற இடத்திலேயே கேமராவைப் பக்கவாட்டில் திருப்புவது. ட்ரைபாட் தலையில் உள்ள ரசமட்டக் குமிழி நடுவில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் தொடக்க ஃபிரேம் நேராகவும் முடிவு ஃபிரேம் சாய்ந்தும் வரும். பான் முடியப்போகும் திசைக்கு நேராகப் பாதங்களை ஊன்றிக்கொண்டு, இடுப்பை மட்டும் திருப்பித் தொடக்க ஃபிரேமுக்கு வர வேண்டும். அப்போது கேமரா திரும்பிக்கொண்டே வரும்போது உடலின் முறுக்கு அவிழும். முடிவில் கை நடுங்காது. நம் பிள்ளைகள் செய்வது இதற்கு நேர் எதிர். வசதியாகத் தொடங்கி, உடல் முறுக்கிக்கொண்ட நிலையில் முடிக்கிறார்கள், கடைசி ஃபிரேம் உதறுகிறது. கைப்பிடியில் ரப்பர் பேண்ட் மாட்டி அதைப் பிடித்து இழுத்தால் விரலின் சிறு நடுக்கத்தை ரப்பர் விழுங்கிவிடும். வேகத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஃபிரேமின் ஒரு விளிம்பில் நுழையும் பொருள் மறு விளிம்பை அடைய 7 விநாடியாவது ஆக வேண்டும். அதைவிட வேகமானால் படம் அதிர்ந்து அதிர்ந்து ஓடும். செல்போனில் மின்கம்பங்கள் சாய்ந்தே தெரியும். தொடக்கத்திலும் முடிவிலும் 5 விநாடி அசையாமல் நிறுத்தினால்தான் எடிட்டருக்கு வெட்ட இடம் கிடைக்கும். லென்ஸிலும் கேமராவிலும் உள்ள, நடுக்கத்தைத் தடுக்கும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுவது நல்லது. பான் செய்வதை நடுக்கம் என்று நினைத்து அது எதிர்த்து இழுக்கும், நின்றபின் படம் கொஞ்சம் பின்வாங்கும்.

அடுத்தது ட்ராலி, அதாவது கேமராவைத் தண்டவாளத்தில் வைத்துத் தள்ளும் வண்டி. ஜூமும் ட்ராலியும் ஒன்றல்ல என்பதை வாயால் விளக்குவதைவிட, பள்ளி வராந்தாவின் தூண் வரிசையில் காட்டுவது எளிது. முதல் தூண் 6 அடியிலும் கடைசித் தூண் 60 அடியிலும் இருக்கட்டும். கேமரா 3 அடி முன்னே போனால் முதல் தூண் இரண்டு மடங்காகும், கடைசித் தூண் 5 சதவீதம்தான் வளரும். அந்த இடத்துக்குள் நாம் நடந்து போகும் உணர்வு இந்த வித்தியாசத்தில்தான் பிறக்கிறது. ஜூமில் இரண்டு தூணும் ஒரே விகிதத்தில் பெருக்கும். இடம் மாறாது, படம்தான் பெரிதாகும். கதாபாத்திரம் ஏதோ ஒன்றை உணர்ந்து நெருங்கும்போது ட்ராலி போடுவதற்குக் காரணம் இதுதான்.

தண்டவாளத்தை ரசமட்டம் வைத்து, பள்ளமான இடத்தில் மரஆப்பு செருகிச் சமன் செய்யாமல் ட்ராலியைத் தள்ளக்கூடாது. ஆள் ஏறி உட்கார்ந்த பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும், எடை ஏறியதும் ஆப்பு அமுங்கும். ஃபோகஸுக்குத் தரையில் சாக்பீஸ் குறி போடலாம். 50 மி.மீ. லென்ஸின் ஒளித்துளையை f/1.8 என்று வைத்தால் 6 அடி தூரத்து முகத்துக்குத் தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் அரை அடிதான். ட்ராலி நகரும்போது ஃபோகஸ் தவறத்தான் செய்யும். துளையை f/4-க்குச் சுருக்கினால் ஏறத்தாழ ஓர் அடி கிடைக்கும்.

இனி கிம்பல். 1970களில் கேரட் பிரவுன் உருவாக்கிய ஸ்டெடிகாமில், சுமப்பவர் அணியும் சட்டையிலிருந்து ஸ்பிரிங் வைத்த கை ஒன்று நீளும். நடக்கும்போது வரும் மேல்கீழ்க் குலுக்கலை விழுங்குவது அந்தக் கை. மூன்று அச்சு கிம்பலில் அது கிடையாது. கேமரா சாய்வதையும் திரும்புவதையும் மோட்டார் தடுக்குமே தவிர, ஆள் குதித்து நடந்தால் படமும் குதிக்கும். முழங்காலைச் சற்று மடக்கி, குதிகாலில் தொடங்கி விரல்வரை பாதத்தை உருட்டி நடக்கப் பழக வேண்டும். மோட்டாரை அணைத்துவிட்டு எந்தக் கோணத்தில் விட்டாலும் கேமரா அங்கேயே நிற்க வேண்டும், அதுதான் சரியான பேலன்ஸ். அதன் பிறகு ஃபில்டர் மாட்டினால்கூட மறுபடி பேலன்ஸ் செய்ய வேண்டும், இல்லையேல் மோட்டார் திணறிப் படம் துடிக்கும்.

வெளிச்சத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். செல்போனை விநாடிக்கு 30 ஃபிரேமில், 1/60 விநாடி ஷட்டரில் வைத்து டியூப்லைட் அறையில் எடுத்தால் படம் மினுமினுக்கலாம், கோடுகள் ஓடலாம். 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் என்று வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

முகாம் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். சான்றிதழ் கொடுக்கும் முன் ஒவ்வொருவரையும் நகராத ஷாட் மூன்று எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். திண்ணையில் பேசிக்கொண்டிருக்கும் இருவரில் முதலில் இருவரும் சேர்ந்த மாஸ்டர், பிறகு இருபக்கச் சஜஷன், அதாவது ஒருவரின் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரைக் காட்டும் ஷாட். மூன்றையும் ஒட்டிப் போட்டுப் பாருங்கள். ஒருவர் வலப்பக்கமும் மற்றவர் இடப்பக்கமும் பார்த்துப் பேசுவது மூன்றிலும் மாறாமல் இருந்தால் கிம்பலைக் கொடுக்கலாம். இருவரும் ஒரே பக்கம் பார்த்தால், அவர்கள் இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டிவிட்டது என்று பொருள். திண்ணைக்கே அனுப்பி மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒளிப்பதிவுப் பயிற்றுநர்கள்,
சென்னை.