பெரியவர்களுக்கும் வேதபாட வகுப்பு வேண்டும்: சபை நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கும், நிர்வாகக் குழுவின் மூப்பர்கள் அனைவருக்கும், கிறிஸ்துவுக்குள் அன்பின் ஸ்தோத்திரங்கள்.

வேலூரிலுள்ள நம் லுத்தரன் சபையில் பெரியவர்களுக்கென்று ஞாயிறு மாலையில் நடந்துவந்த வேதபாட வகுப்பு, ஈஸ்டருக்கு முந்திய தவக்காலமான லெந்து நாட்களோடு நின்றுபோனது. வருகை குறைந்துவிட்டது என்று காரணம் சொல்லப்பட்டது. அது உண்மைதான், கடைசி மாதத்தில் எட்டுப் பேருக்கு மேல் நான் கண்டதில்லை. ஆனால் வராமல் நின்றவர்களிடம் ஏன் வரவில்லை என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. பள்ளியில் முப்பது ஆண்டுகள் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், அந்த வகுப்பில் சில வாரங்கள் பாடம் சொன்னவன் என்ற முறையிலும், நான் அறிந்ததைத் தங்கள் முன் வைக்கிறேன்.

ஒரு மாலை ரோமர் நிருபம் மூன்றாம் அதிகாரத்தை ஆளுக்கொரு வசனமாக வாசித்துக்கொண்டிருந்தோம். மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான் என்ற 28ஆம் வசனம் வந்தது. பேர்ணாம்பட்டுப் பக்கத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த ஒரு மூத்த தாயார், ஞானஸ்நானம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆனவர், தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கிரியைன்னா செத்தவங்களுக்குச் செய்யறதுதானே ஐயா? அப்போ எங்க வீட்டுக்காரருக்குப் பதினாறாம் நாள் செஞ்சது தப்பாயிடுமா?" உத்தரகிரியைப் பத்திரிகைகளில் மட்டுமே அந்தச் சொல்லைக் கண்டவருக்கு வேறு எந்தப் பொருள் தோன்றியிருக்க முடியும்? இத்தனை ஆண்டுகள் அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்லிவந்த எனக்கு, இப்படி ஒருவர் புரிந்துகொள்ளக்கூடும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. கிரியை என்றால் இங்கே செயல், கடவுளிடம் நற்பெயர் வாங்குவதற்காக மனிதன் செய்யும் செயல் என்று விளக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கணவரை இழந்த துக்கத்தோடு ஒரு குற்ற உணர்ச்சியையும் அவர் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் ஆலயத்துக்குள் சுமந்துவந்து, அப்படியே திருப்பி எடுத்துச் சென்றாரோ தெரியவில்லை.

லுத்தரன் சபை என்று நாம் பெயர் பெற்றிருப்பதே அந்த ஒரு வசனத்தின் பொருளைப் பற்றிக்கொண்டுதான். அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்தபோது, விசுவாசத்தினால் 'மாத்திரம்' என்று மூலத்தில் இல்லாத ஒரு சொல்லைச் சேர்த்ததாக நம் சபைக்குப் பெயர் தந்த சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 1530இல் அவர் அதற்கு எழுதிய பதிலும் ஒரு திறந்த மடல்தான். வீட்டிலிருக்கும் தாயையும், தெருவில் விளையாடும் பிள்ளைகளையும், சந்தைக்கு வரும் சாதாரண மனிதனையும் கேட்டு, அவர்கள் வாய் பேசுகிறபடி மொழிபெயர்க்க வேண்டும் என்று அதில் சொன்னார். (தமிழில் அந்த வேலையை 'விசுவாசத்தினாலேயே' என்பதன் இறுதியில் வந்து 'அது மட்டுமே' என்று பிரித்துக் காட்டும் பிரிநிலை ஏகாரம் ஓசையின்றிச் செய்துவிடுகிறது, தமிழாசிரியனுக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி.) வீட்டிலிருக்கும் தாயைக் கேட்கச் சொன்னவரின் பெயரைத் தாங்கிய சபையில், அந்தத் தாய் கேள்வி கேட்பதற்கு இருந்த ஒரே இடத்தை மூடிவிட்டோம் என்பதே என் மனக்குறை.

ஆலய ஆராதனையில் பிரசங்கம் இருக்கிறதே என்று தாங்கள் சொல்லலாம். பிரசங்கத்தின் நடுவே எழுந்து நின்று ஐயம் கேட்க முடியாது; கேட்பதும் முறையன்று. பிள்ளைகளை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பு இருக்கிறதே என்றால், அது பதினான்கு, பதினைந்து வயதில் முடிந்துவிடுகிறது. ஆனால் கற்பனைகளின், அதாவது பத்துக் கட்டளைகளின், உண்மையான பாரம் திடப்படுத்தலுக்குப் பிறகுதான் தலையில் இறங்குகிறது. பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற எட்டாம் கற்பனைக்கு லுத்தர் தரும் விளக்கம் பொய் சொல்லாமல் இருப்பதோடு நிற்கவில்லை. அயலானுக்காகப் பரிந்து பேசவும், அவன் செய்வதை நல்லவிதமாகவே எடுத்துக்கொள்ளவும் சொல்கிறது. இது சிறுவர்களைவிட வாட்ஸ்அப்பில் ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும் நமக்கே அதிகம் தேவை. அதிக வட்டி தருவதாக ஆசைகாட்டிய நிதி நிறுவனங்களில் நகையை விற்றுப் பணம் போட்டு இழந்தவர்கள் நம் பகுதியில் பலர். களவைப் பற்றிய ஏழாம் கற்பனையும் இச்சையைப் பற்றிய கடைசி இரண்டும் அவர்களிடம் என்ன பேசுகின்றன, பிறரைச் சேர்த்துவிட்டுத் தரகு வாங்கியவரிடம் என்ன பேசுகின்றன என்று எங்கே உட்கார்ந்து பேசுவது?

கற்பனைகளை எண்ணுவதிலேயே நமக்குக் குழப்பம் இருக்கிறது. அமெரிக்க ஆற்காடு மிஷன் 1853 முதல் ஊன்றிய இந்தப் பகுதியில் தென்னிந்தியத் திருச்சபையாரே பெருந்தொகையினர். நம் வீடுகளுக்கு மருமக்கள் பலரும் அங்கிருந்துதான் வருகிறார்கள். கொலை செய்யாதே என்பது மாமியாருக்கு ஐந்தாம் கற்பனை, மருமகளுக்கு ஆறாம் கற்பனை. விக்கிரகத்தைப் பற்றிய கற்பனையை லுத்தரன்கள் விட்டுவிட்டார்கள் என்று ஒரு வீட்டில் சண்டையே நடந்தது. நாம் எதையும் விடவில்லை. அதை முதலாம் கற்பனைக்குள் சேர்த்து எண்ணி, இச்சியாதே என்பதை ஒன்பது, பத்து என்று இரண்டாகப் பிரிக்கிறோம். ஐந்து நிமிடத்தில் தீர்ந்துபோகும் செய்தி இது.

வகுப்பு தளர்ந்ததற்கு நானும் ஒரு காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை. என்னையும் சேர்த்துப் பாடம் சொன்னவர்கள் அனைவரும் அதை இரண்டாவது பிரசங்கமாக்கிவிட்டோம். காலையில் ஒரு மணி நேரம் கேட்டவர்கள் மாலையிலும் ஒரு மணி நேரம் ஏன் கேட்க வேண்டும்? நேரமும் தவறு. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தோல் தொழிற்சாலைகளுக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கும் ஆறு நாள் போய்வரும் பெண்களுக்குத் துணி துவைக்கவும் மாவரைக்கவும் கிடைப்பது ஞாயிறு மாலை ஒன்றுதான். மருத்துவமனையில் முறை மாறி மாறி வேலை செய்யும் செவிலியர்களுக்கு எந்த மாலையும் நிச்சயமில்லை. ஆகவே, ஆராதனை முடிந்த கையோடு, தேநீர் கொடுத்து, நாற்பது நிமிடங்களுக்கு மிகாமல் வகுப்பை வைக்குமாறு வேண்டுகிறேன். அந்த நேரத்தில் பிள்ளைகள் ஞாயிறு பள்ளியில் இருப்பார்கள்.

பாடநூலுக்கு அலைய வேண்டியதில்லை. 1528இல் சாக்சனி நாட்டுச் சபைகளைப் பார்வையிடப் போன லுத்தர், மக்களுக்கு அடிப்படைகூடத் தெரியாததைக் கண்டு நொந்து, மறு ஆண்டு கேள்வி பதிலாக எழுதிய போதனை நூலான சிறிய ஞானோபதேசமே போதும். கற்பனைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், பாவ அறிக்கை, திருவிருந்து என்று அமைந்த அந்தச் சிறு நூல் ஒவ்வொரு பகுதியிலும் 'இதன் பொருள் என்ன?' என்று கேட்டு நிற்கிறது. வகுப்பை நடத்துபவரும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் வாய் மூடியிருந்தால் போதும். வாசிக்கத் தெரியாதவர்கள் வெட்கப்படாதிருக்க, ஆளுக்கொரு வசனம் என்ற வழக்கத்தையும் விட்டுவிடலாம். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும். பாடம் சொல்லும் பொறுப்பில் பெண்களும் இருக்க வேண்டும். அந்தத் தாயாரின் கேள்வியை முதலில் புரிந்துகொண்டது நானல்ல, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு செவிலியர்.

வளர்ந்தவர்கள் பாடம் படிப்பது கௌரவக் குறைவு என்று நினைக்கும் மூப்பர்களுக்கு ஒரு சொல். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்க், பல்கலைக்கழகம் கண்டவர். தமிழ் எழுத்தைக் கற்கச் சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதினார். அந்த மணலிலிருந்துதான் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. லுத்தரும், தாம் பண்டிதராகவும் பிரசங்கியாராகவும் இருந்தும் ஞானோபதேசத்தை ஒரு குழந்தையைப் போல நாள்தோறும் சொல்லிவருவதாகவே எழுதியிருக்கிறார்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். சிறு கூடத்தின் இரண்டு குழல் விளக்குகளில் ஒன்று எரிவதில்லை. அதை நான் மாற்றித் தருகிறேன். தேநீர்ச் செலவை முதல் மூன்று மாதங்களுக்கு நானும் இன்னும் இருவரும் ஏற்றுக்கொள்கிறோம். கூடத்தின் சாவி சனிக்கிழமை மாலைக்குள் கிடைத்தால் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வைத்துவிடுவேன். பேர்ணாம்பட்டுத் தாயாரிடம் இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை. தங்கள் முடிவு தெரிந்ததும் நானே போய்ச் சொல்லி வருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
சபை உறுப்பினர் ஒருவர்,
வேலூர்.