உன் கடிதத்தைத் திருத்தி அனுப்பறேன்

அம்மணிக்கு,

நீ அனுப்புன வேலை விண்ணப்பத்தைப் படிச்சேன். போன்ல எழுத்து பொடிசா இருந்துது. கோபி பஸ் ஸ்டாண்டுகிட்டப் போயி பிரிண்ட் எடுத்துட்டு வந்து, பழையபடி சிவப்புப் பேனாவுலயே திருத்தியிருக்கறேன். தப்பு கம்மிதான். இங்கிலாந்துல லீட்ஸ்ல உக்காந்து வெள்ளைக்காரங்களுக்கே இங்கிலீஷ்ல எழுதற அளவுக்கு வந்துட்ட. பிரிண்ட் எடுத்த பையன்கிட்டயும் சொன்னேன், எம் புள்ள எழுதுனதுன்னு.

'ஆல்தோ' போட்டு ஆரம்பிச்சிட்டு, கமாவுக்கு அப்புறம் 'பட்' போட்டிருக்கற. ரெண்டுல ஒண்ணு போதும். பழைய இலக்கணத்துல 'தோ'வுக்கு ஜோடியா 'யெட்' வரும். அந்தப் பழக்கம் நம்ம பக்கத்துப் புள்ளைக யாரையும் விடறதில்ல. 'டெஸ்பைட் ஆஃப்'னு ஒண்ணு கெடையவே கெடையாது. 'இன் ஸ்பைட்'டுக்குத்தான் 'ஆஃப்' வேணும். ரெண்டுக்கும் பின்னால பெயர்ச்சொல்லோ, 'இங்' சேர்ந்த சொல்லோ வரோணும். எழுவாயும் வினையுமா எழுதோணும்னா 'ஆல்தோ'வுக்குப் போயிரு. 'ஹவெவர்'ல ரெண்டு வாக்கியத்தைக் கமாவால ஒட்டி வெச்சிருக்கற. அதுக்கு முன்னால முற்றுப்புள்ளி வை, இல்லீன்னா அரைப்புள்ளி. எழுதி முடிச்சதும் வாய்விட்டு ஒருக்கா படி.

மூணாவது பத்தியில 'சின்ஸ் ஐ லிவ் அலோன் நவ், ஐ கேன் டேக் நைட் ஷிப்ட்ஸ்'னு ஒரு வரி. இலக்கணப்படி தப்பில்ல. 'சின்ஸ்' காலத்தையும் சொல்லும், காரணத்தையும் சொல்லும். 'சின்ஸ் ஐ கேம் ஹியர், ஐ ஹேவ் வொர்க்ட் நைட்ஸ்'னு இருந்தா காலம். உன்னுது காரணம். காரணத்துலயும் வித்தியாசம் உண்டு, கண்ணு. படிக்கறவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்ச காரணம்னா 'சின்ஸ்' போடலாம், 'ஆஸ்'ஸும் போடலாம். புதுசாச் சொல்ற காரணத்துக்குத்தான் 'பிகாஸ்'. அந்த ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு இது முன்னாடியே தெரியுமோ என்னமோ, எனக்குப் புதுசு. அந்த 'நவ்' எதுக்குன்னும் தெரியல. அடிச்சிட்டேன். அப்புறம் பக்கத்துலயே திருப்பி எழுதி வெச்சேன்.

வாய்க்கால்ல வழக்கம்போல ஆகஸ்ட் 15-க்குத் தண்ணி விட்டாச்சு. நாத்தங்கால் வேலை ஓடுது. சின்ன அத்தை வீட்டுச் சீருக்குப் போயிருந்தோம். நீங்க ரெண்டு பேரும் ஆடி நோம்பிக்குக்கூட ஒரு போன் பண்ணலியேன்னு அத்தை கேட்டுது. மாப்பிள்ளைக்கு வேலை சாஸ்தின்னு சொல்லி வெச்சேன். வேற என்ன சொல்றது? நீ சொன்னாத்தான எனக்குத் தெரியும்.

கடைசி வரிதான் மோசம். 'ஐ வில் ஸ்டே அன்லெஸ் ஐ ஆம் நாட் ஆஸ்க்ட் டு லீவ்'. 'அன்லெஸ்'ஸுக்குள்ளயே 'நாட்' இருக்குது; இன்னொரு 'நாட்' போட்டதால, போகச் சொன்னாத்தான் இருப்பேன்னு அர்த்தம் ஆயிருச்சு. வாய்விட்டுப் படிச்சிருந்தா மாட்டியிருக்கும். ஒருக்கா படி, சாமி. யார் போகச் சொன்னாலும் இங்க உன் ரூம் அப்படியேதான் இருக்குது, அதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

நைட் ஷிப்ட் மட்டும் வேண்டாம்னு தோணுது. அம்மாகிட்ட இந்தக் கடிதத்தை நான் காட்டல. பொழுதோட அஞ்சு மணிக்கு அது சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போயிரும், வர ஆறாயிரும். உனக்கு அப்ப மத்தியானம் பன்னெண்டரை. ஞாயித்துக்கிழமை கூப்பிடு.

அப்பா